சமையலறையில் கேட்ட சமன்பாடுகள்

குளோரினின் அணு எடை முப்பத்தாறு என்று என் கணவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது நான் சமையலறையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். அவர் சொல்வது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

"குளோரின்ல ரெண்டு ஐசோடோப்பு. ஒண்ணு முப்பத்தஞ்சு, இன்னொண்ணு முப்பத்தேழு. ரெண்டையும் கூட்டு, ரெண்டால வகு. முப்பத்தாறு. முடிஞ்சுது." பிள்ளைகளுக்காக இதை இந்தியில் சொன்னார்.

ஒரு பெண் கேட்டாள்: "சார், புத்தகத்துல முப்பத்தஞ்சரைன்னு போட்டிருக்கே?"

"பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை.

என் கை அரிவாள்மனையிலேயே நின்றுவிட்டது. வெளியே பிள்ளைகள் தலை குனிந்து முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளமும் அவர் எழுதிய கரும்பலகையும் அந்தப் பிள்ளைகளும் சில வாரங்களுக்கு முன்புவரை என்னுடையவை.

நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. கோயம்புத்தூரில் படித்தேன். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் படிப்பை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனே வந்து சேர்ந்தோம். அவருக்கு ஆகுர்டியில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மெஷின் ஷாப்பில் இன்ஜினியர். சாங்வியில் இரண்டாவது மாடியில் வீடு. காலையில் அவரைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்வரை நானும் சுவரும்தான். பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இரண்டே கேள்வி: பி.எட். இருக்கிறதா, மராத்தி வருமா? இரண்டும் இல்லை. அதற்குள் மகளும் பிறந்துவிட்டாள்.

டியூஷன் தானாக வந்தது. மேல்வீட்டு அம்மாள் ஒருநாள் ஒன்பதாவது படிக்கும் தன் மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்குச் சமன்பாடு சமன் செய்ய வரவில்லை. இரண்டு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக வரவேண்டும் என்பதுவரைக்கும் புரிந்திருந்தது. அதை எப்படி வரவைப்பது என்பதில்தான் தகராறு. தண்ணீருக்கு ஹெச்-டூ-ஓ. வலப்பக்கம் ஒரு ஆக்சிஜன் குறைகிறதென்றால் பையன் அந்த ஓ-வுக்குக் கீழே தானே ஒரு சின்ன இரண்டைப் போட்டுவிடுவான். கணக்கு சரியாகிவிடும். ஆனால் தண்ணீர் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்திருக்கும்.

நான் சமையலறையிலிருந்து இட்லித் தட்டை எடுத்துவந்து காட்டினேன். "இதுல எத்தனை குழி?"

"நாலு, காக்கூ." அங்கே சித்தி முறை ஆகும் பெண்களுக்குக் காக்கூ; அக்கம்பக்கத்துப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எட்டு இட்லி வேணும். என்ன பண்ணுவே? தட்டுல இன்னும் நாலு குழி தோண்டுவியா?"

சிரித்தான். "இன்னொரு தட்டு வைப்பேன்."

"அவ்வளவுதான். குழியைத் தொடக்கூடாது. தட்டோட எண்ணிக்கையை மட்டும்தான் மாத்தலாம்." அரைகுறை இந்தியில்தான் சொன்னேன். அன்றைக்கே இரும்பும் நீராவியும் சேரும் சமன்பாட்டைத் தானாகவே போட்டுவிட்டான். மூன்று இரும்பு, நான்கு தண்ணீர். போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேனோ என்று தோன்றியது.

அவன் போய் நண்பர்களிடம் சொல்ல, நண்பர்களின் தங்கைகள் வர, இரண்டு மூன்று வருடங்களில் சாயங்காலம் முன்னறை நிறைய ஆரம்பித்தது. தச்சரிடம் சொல்லி ஒரு கரும்பலகை செய்து சுவரில் மாட்டினேன். ஐசோடோப்பு வந்தால் எல்லாரும் திணறுவார்கள். ஒரே தனிமம், அதற்குள் எடை மட்டும் வேறு வேறு எப்படி இருக்கும் என்பது ஒரு குழப்பம். சராசரி எடுப்பது அதைவிடக் குழப்பம். பட்டாணியையும் கொண்டைக்கடலையையும் கலந்து தரையில் கொட்டி எண்ணச் சொல்வேன். குளோரின் அணுக்களில் நான்கு எடுத்தால் மூன்று முப்பத்தைந்தாக இருக்கும், ஒன்று முப்பத்தேழு. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால்தான் முப்பத்தைந்தரை. எது நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கம் சராசரி சாயும். சும்மா நடுவில் வெட்டக்கூடாது.

என் கணவர் அப்போதெல்லாம் இதை ஒரு வேலை என்றே எண்ணியதில்லை. வீட்டுக்குத் தொலைபேசும் தன் அக்காவிடம், "அவளுக்குப் பொழுது போகுதுக்கா" என்பார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய விருப்பம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர் அவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடும் மெஷினின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்டவரை நாற்பது வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் தினமும் விடியற்காலையில் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நிற்பார். கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று புறப்படும் சத்தம் கேட்டபிறகுதான் உட்காருவார்.

டியூஷன் நடக்கும்போது அவர் எங்கே போவார்? முன்னறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் பிள்ளைகளின் செருப்பை வரிசையாக வைக்கச் சொன்னார். பிறகு பேசுகிறவனை அதட்டினார். பிறகு ஒருநாள் நான் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"நாளையிலிருந்து நானே எடுத்துக்கறேன். நீ வீட்டு வேலையப் பாரு."

"ஏனுங்க, உங்களுக்கு இது பழக்கமில்லீங்களே."

"பத்தாவது பாடத்துக்கு என்ன பெரிய பழக்கம்? நான் இன்ஜினியர்."

"அப்ப கணக்கு நீங்க எடுங்க. கெமிஸ்ட்ரி நான் எடுத்துக்கறனுங்க."

"ஒரு வீட்ல ரெண்டு வாத்தியாரா? கேக்கறவன் சிரிக்க மாட்டானா?"

உடைந்துபோயிருக்கும் மனுஷன், கொஞ்ச நாள் கையில் சாக்பீஸ் இருந்தால் தேறிவிடுவார் என்று நினைத்தேன். கணக்கு நன்றாகத்தான் எடுத்தார். கெமிஸ்ட்ரியை அவர் காலேஜ் முதல் வருடத்தோடு மறந்திருந்தார். மறந்தது குற்றமில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம், அல்லது என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யமாட்டார். மனதுக்குத் தோன்றியதைப் பலகையில் எழுதுவார்.

முப்பத்தாறு என்று சொன்ன அந்தச் சாயங்காலம் என்னால் பொறுக்க முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே தமிழில், பிள்ளைகளுக்குப் புரியாதபடி சொன்னேன்: "ஏனுங்க, அது அப்படியில்லீங்க. எது எத்தனை பங்குன்னு பாக்கோணும்."

பிறகு அவர் இந்தியில், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இட்லித் தட்டும் பட்டாணியும் வைத்துப் பாடம் சொன்ன பிள்ளைகள்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டுக்காரர் சிரிக்கச் சொன்னால் விருந்தாளி சிரிக்கத்தானே வேண்டும்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்தரை எங்கே போயிற்று என்று கேட்ட அதே பெண். பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தாள். அப்பாவுக்கு ஔந்த் பக்கம் ஏதோ அலுவலகத்தில் வேலை. பத்தாவது, கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. அடுத்த வாரம் அவர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும் சமன்பாட்டை எழுதி, தண்ணீரின் ஓ-வுக்குக் கீழே ஒரு இரண்டைப் போட்டு, "பாத்தீங்களா, சமம்" என்றபோது அவள், "சார், அது தண்ணியில்லையே" என்று சொல்லிவிட்டாள்.

"அதிகப்பிரசங்கி. வெளியே நில்லு" என்றார்.

மாடிப்படியில் போய் நின்றாள். நான் ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு, மொட்டைமாடிக்குப் போகிறவள் போல அவளைக் கடந்து போனேன். கண்ணைக் காட்டினேன். பின்னாலேயே வந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் உடைந்த சாக்பீஸால் அந்தச் சமன்பாட்டைச் சரியாக எழுதிக் காட்டினேன்.

"எனக்குத் தெரியும் காக்கூ. ஆனா சார் ஏன் அப்படி எழுதறார்?"

"அவர் யோசனை இப்ப வேற இடத்துல இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு அவள் டியூஷனுக்கு முன்னாலேயே வர ஆரம்பித்தாள். தோழிகள் இரண்டு மூன்று பேரையும் கூட்டிவந்தாள். நான் துணி எடுக்கவும் வத்தல் புரட்டவும் மாடிக்குப் போகும் நேரம் அது. கைப்பிடிச் சுவர்தான் பலகை. மேலே என்னிடம் சரியாகப் படித்துவிட்டு, கீழே போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். கீழே எழுதுவது சாருக்கு, மேலே எழுதியது பரீட்சைக்கு. பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது! ஒரே கணக்குக்கு இரண்டு விடை வைத்துக்கொண்டு பிழைக்கும் வித்தையையும் அந்த வருடம் அவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

மழை முடிந்த சமயம். காற்றில் டி.வி. ஆன்டெனா திரும்பிவிட்டதென்று அவர் மாடிக்கு வந்தார். நான்கு பெண்களும் நானும் சுவரைப் பார்த்து நின்றிருந்தோம். சுவர் முழுக்க என் கையெழுத்து.

அவர் கத்தவில்லை. "வீட்டுக்குப் போங்க" என்று பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னார். அவர்கள் இறங்கும்வரை காத்திருந்தார்.

"மாடியில தனிக் கடை போட்டிருக்கியா?"

"பரீட்சை வருதுங்க. தப்பா எழுதினா பாவமுங்க."

"அவுங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"எதுங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்காக நான் இளகித்தான் போனேன். கீழே போனவுடன் அவர் ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றும்வரை அந்த இளக்கம் இருந்தது. "இனிமே இந்த வீட்ல டியூஷன் கிடையாது" என்றார். பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரே போய், தனக்கு வேலை வரப்போகிறது, நேரமிருக்காது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பெண் பத்தாவதில் மிக நன்றாக வந்தாள். ஜூன் மாதம் அவள் அப்பாவும் அம்மாவும் அவளையும் கூட்டிக்கொண்டு பேடாப் பெட்டியோடு வந்தார்கள். பெட்டியை நேராக அவர் கையில் கொடுத்தார்கள். "சார், எல்லாம் உங்க ஆசீர்வாதம்." அவர் ஒரு பேடாவை எடுத்துக்கொண்டு, "பொண்ணு உழைச்சா, அவ்வளவுதான்" என்றார். எவ்வளவு அடக்கம்! நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். அவள் அம்மா கால் மாற்றி உட்கார்ந்து அவளை மறைத்துவிட்டாளோ, அவள்தான் திரும்பவில்லையோ, தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. பழையபடி மனுஷனானார். சிரித்தார், மகளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துச் சுற்றினார். நல்ல நேரம் பார்த்து ஒருநாள் கேட்டேன்: "பலகைய மறுபடி மாட்டிக்கட்டுங்களா?"

"இப்ப என்னத்துக்கு? நான்தான் சம்பாதிக்கறனே."

அஞ்சல் வழியில் பி.எட். படிக்கலாமா என்று கேட்டபோது, "இந்த வயசுலயா?" என்று ஆச்சரியப்பட்டார். திட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது மராத்தி. காய்கறிக்காரியிடமும் எங்கள் குடியிருப்புச் சொசைட்டிப் பெண்களிடமும் பேசிப் பேசி, ஊர்க்காரி போலவே பேச வந்துவிட்டது. வேலை கேட்டுப் போனபோது இல்லாத மராத்தி, வேலை என்ற பேச்சே இல்லாதபோது வந்து சேர்ந்தது.

சில வருடங்கள் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மருந்தியல் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் சொசைட்டியிலிருந்து நிறையப் பேர் போயிருந்தோம். மண்டபத்து வாசலிலேயே அவள் அப்பா என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம், "ஹே ஆம்ச்யா முலீச்சே கெமிஸ்ட்ரி சர்" என்றார். எங்கள் பெண்ணின் கெமிஸ்ட்ரி சார். இவர் இல்லாவிட்டால் அவள் சயின்ஸ் பக்கமே போயிருக்கமாட்டாளாம். என் கணவர் கும்பிட்டபடி நின்றார்.

மேடையில் பெண் முதலில் அவர் காலைத் தொட்டாள், பிறகு என் காலை. மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "இந்தக் காக்கூ மாடியில வத்தல் காயப்போடுவாங்க. நாங்க பாதி காயும்போதே திருடித் தின்னுடுவோம்!" என்றாள். சிரிக்கும்போது பழைய முகம்தான். வேறு ஏதாவது சொல்வாள் என்று நான் நின்றேன். பின்னால் வரிசை தள்ளியது. போட்டோக்காரர் கையை ஆட்டினார். இறங்கிவிட்டேன்.

திரும்பும் வழியில், ஆட்டோவில் அவர் சொன்னார்: "நல்ல பொண்ணு. நான் சொல்லிக் குடுக்கறப்பவே தெரியும், வந்துருவான்னு."

"நீங்க அவள வெளிய நிக்க வெச்சீங்க."

"நானா? எப்ப?"

பொய் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குரல் தெரியும். அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. நான் ஒவ்வொரு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வருடத்தை அவர் எப்போதோ கீழே போட்டுவிட்டு நடந்துபோயிருக்கிறார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த கீழ்வீட்டு அம்மாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "சார், இவனுக்கும் கொஞ்சம் கெமிஸ்ட்ரி பாருங்களேன். இக்வேஷன்னா ஓடறான்."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமையில அனுப்புங்க" என்றார் அவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டே.

நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. நல்ல மராத்தியில், ஒரு சொல் தடுக்காமல் சொன்னேன்: "அவருக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். உங்கள் மகனை என்னிடம் அனுப்புங்கள்."

அந்த அம்மாள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி காக்கூ, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மகனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். மறுபடி வரவில்லை. பையனை ஔந்த் சாலையில் ஒரு பெரிய டியூஷன் கிளாஸில் சேர்த்துவிட்டார்கள்.

கட்டிடம் முழுக்கச் செய்தி பரவியது. நான் சொன்னது உண்மையா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்காரரை, அதுவும் அடுத்தவர் முன்னால், இப்படியா பேசுவது என்பதுதான் பேச்சு. கணபதி விழா நாட்களில் பெண்கள் என்னிடம் அளவோடு சிரித்தார்கள். அவரிடம் ஒரு தனி அன்பு காட்டினார்கள், நோயாளியிடம் காட்டுவதுபோல. அவர் என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். பல வாரங்கள், வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினார்.

மகளும் ஒருநாள் வெடித்தாள். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும். "அம்மா, அப்பாவ ஏன் அப்படி இன்சல்ட் பண்ணே? என்ற ஃபிரெண்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்க. எனக்கு கித்னா ஷரம் ஆச்சு தெரியுமா?" அவளுக்கு எவ்வளவு வெட்கமாகப் போயிற்றாம்.

"உண்மையத்தானே சொன்னேன், கண்ணு."

"உண்மைன்னா எல்லாம் சொல்லணுமா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேசையில் அவளுடைய டெஸ்ட் தாள் கிடந்தது. சேர்ந்து படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள் என்று அவளும் ஒரு கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். செம்பைப் பற்றிய கணக்கு. அறுபத்துமூன்றும் அறுபத்தைந்தும் கலந்து சராசரி அறுபத்துமூன்றரை வருகிறது, எது எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தார்கள். சிவப்பு மையில் அடித்திருந்தது.

"இத நான் சொல்லித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. கிளாஸ்ல மெத்தட் வேற."

"என்ன மெத்தட்னு காட்டு, பாக்கலாம்."

சலித்துக்கொண்டே கிளாஸில் அச்சடித்துக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினாள். வரி வரியாகப் படித்தேன். ஒன்றின் சதவீதத்தைத் தெரியாத எண்ணாக வைத்து, மற்றதை நூறிலிருந்து கழித்து, இரண்டையும் அதனதன் எடையால் பெருக்கிக் கூட்டியிருந்தார்கள். நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தது அதுவேதான். தெரியாத எண்ணுக்கு நான் எக்ஸ் போடுவேன், அவர்கள் பி போட்டிருந்தார்கள்.

"பாத்தியா? வேறதானே?" என்றாள்.

"ஆமா, வேறதான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.